ஆறப் பொறுத்தல்

1796-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு சின்னச் சமையல் புத்தகம் அச்சானது. பெயர் 'அமெரிக்கன் குக்கரி'. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே வெளியான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே தன்னைப் பற்றி அவர் போட்டுக்கொண்டது, தான் ஓர் அமெரிக்க அநாதை என்பது மட்டும்தான். அந்தப் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் குக்கிக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மூன்று பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரைப் பவுண்டு சர்க்கரை, ஒரு தேநீர்க் கோப்பை நிறையப் பொடித்த கொத்தமல்லி விதை. நாம் சாம்பாருக்கு வறுத்து அரைக்கிற அதே மல்லிதான். இவற்றோடு பாலில் கரைத்த பேர்ல் ஆஷ் என்ற உப்பு மூன்று தேக்கரண்டி. எல்லாவற்றையும் பிசைந்து, முக்கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, விருப்பப்பட்ட வடிவில் வெட்டி, மெல்லிய சூட்டில் பதினைந்து இருபது நிமிடம் சுட வேண்டும்.

குறிப்பு அதோடு முடிவதில்லை. சுட்டவுடன் இவை கெட்டியாகவும் வறட்சியாகவும் இருக்கும், மண்பானையில் போட்டு நிலவறையிலோ ஈரவாடை உள்ள அறையிலோ வைத்துவிட்டால் ஆறு மாதத்தில் மெத்தென்று ஆகி இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார் அமீலியா. சுடுவதற்கு இருபது நிமிடம், பதம் வருவதற்கு ஆறு மாதம். டிசம்பரில் தின்பதற்கு ஜூனிலேயே அடுப்பு மூட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அடுப்படியில் மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, இறக்கி வைத்த பிறகு பறக்கிறவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இன்றைக்கு ஆக்குகிற நேரமே குறைந்துகொண்டு வந்து பத்து நிமிடத்தில் நிற்கிறது. டிசம்பர் பிறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் கிறிஸ்துமஸ் குக்கி, மூன்றே பொருளில் கிறிஸ்துமஸ் குக்கி என்று எங்கு திரும்பினாலும் குறிப்புகள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற பெண்ணுக்கும், அறையெடுத்துத் தங்கியிருக்கிற பையனுக்கும், முதல்முறையாக மாவில் கை வைக்கிற பிள்ளைக்கும் பண்டிகையில் ஒரு பங்கு கிடைப்பது எளிய குறிப்பால்தான். என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆக்குவதில் மிச்சம் பிடித்த நேரத்தை ஆறுவதற்குக் கொடுக்காமல் அதையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் பிசைந்து, இரவு சுட்டு, தட்டிலிருந்து சுடச்சுட எடுத்துத் தின்று தீர்த்துவிடுகிற குக்கி நல்ல தீனிதான், சந்தேகமில்லை. அது கிறிஸ்துமஸ் பலகாரம் ஆவதற்கு இன்னும் கொஞ்ச நாள் டின்னுக்குள் இருந்திருக்க வேண்டும்.

அமீலியாவின் குறிப்பே அவர் காலத்து அவசரக் குறிப்புதான். மரச்சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்தக் காரநீரை இரும்புக் கொப்பரையில் சுண்டக் காய்ச்சினால் அடியில் கறுத்த உப்பு தங்கும். அதை உலையில் இட்டு வெளுக்க வைத்தால் கிடைப்பது பேர்ல் ஆஷ். வேதியியலில் பொட்டாசியம் கார்பனேட். அப்பளத்துக்குப் போடுகிற காரத்துக்கு நெருங்கிய சொந்தம். புளிப்போடு சேர்ந்தால் வாயு கிளம்பி மாவைத் தூக்கிவிடும். அது இல்லையென்றால் ஈஸ்ட் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும், அல்லது கை ஓய்ந்துபோகும்வரை முட்டையை அடிக்க வேண்டும். காட்டை அழித்து வயல் திருத்திக்கொண்டிருந்த நாட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அரசு 1790 ஜூலை 31 அன்று வழங்கிய முதல் காப்புரிமையே, பொட்டாஷும் பேர்ல் ஆஷும் செய்யும் முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கொடுத்ததுதான். அதில் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பிறகு சமையல் சோடா வந்தது. 1843-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக பேக்கிங் பவுடர் செய்தார். 1890களில் ஜெர்மனியின் பீலஃபெல்டு நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆகஸ்ட் ஓட்கர், அரைக் கிலோ மாவுக்குச் சரியாக இருக்கும்படி அதைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி விற்றார். அந்தப் பொட்டலத்தைப் பெரிய சாதனையாகவே நான் பார்க்கிறேன். எவ்வளவு போடுவது என்ற பயம் போயிற்று. கைப்பக்குவம் வாய்க்காதவரும் பிரித்துக் கொட்டினால் போதும். நேரம் மிச்சமானது என்று பொதுவாகச் சொல்கிறோம். மிச்சமானது ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பெண்ணின் தோள்பட்டை வலி.

உண்மையிலேயே எளிய குக்கிக்கு இந்தச் சோடாவும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஜெர்மன் வீடுகளில் அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. எல்லாம் எடைக் கணக்கு. ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டும் இதே விகிதம்தான். 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. சின்னதாக வெட்டினால் நாற்பது வரும். இந்த மாவை ஒருமுறை செய்து பார்த்தவருக்குப் புத்தகம் தேவைப்படாது. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டால் ஒரு வகை, பொடித்த ஏலம் போட்டால் இன்னொரு வகை, மாவில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த அளவுக்கு முந்திரிப் பொடி சேர்த்தால் வேறொரு வகை. அமீலியாவின் மல்லியை இதில் போட்டுப் பார்க்கலாம். இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்துச் சலித்துப் போட்டால் சாம்பார் நினைவே வராது, ஆரஞ்சுத் தோல் போல ஒரு வாசனை தூக்கலாக வரும்.

செய்முறையில் பொறுமை கேட்கிற இடங்கள் இரண்டே இரண்டு. முதலாவது வெண்ணெய். குளிர்ச்சி விலகாத வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி மாவில் போட்டு விரல்நுனியால் தேய்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, அங்கேதான் சூடு. கொஞ்ச நேரத்தில் மாவின் வெள்ளை மங்கி இளமஞ்சள் ஏறும். புட்டுக்குப் பார்க்கிற அதே பதம்: பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சர்க்கரையைக் கலந்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தி உருட்டினால் ஆயிற்று. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இங்கே நிறுத்துவதுதான் கஷ்டம். பிசையப் பிசைய மாவில் இருக்கிற புரதம் ஈரத்தோடு சேர்ந்து இழுவையாகிவிடும், குக்கி கடிக்க முடியாதபடி ஆகும். வெண்ணெய் மாவின் ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொண்டு ஈரத்தை அண்டவிடாமல் தடுப்பதால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரும் நீரும் அதிகம் இருப்பதால் மாவு பிசுபிசுக்கும். நெய்யில் நீரே இல்லை, அதனால் இன்னும் பொலபொலப்பாக வரும். பேக்கரிக்காரர்களின் நெய் பிஸ்கட் கையில் எடுக்கும்போதே உதிர்வது அதனால்தான்.

இப்போது மாவை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். டிசம்பரில் சளிப் பிடிக்கிற குளிரில் வாழ்கிறவர்கள் எழுதிய குறிப்புகளில் இந்த வரி சில சமயம் இருக்காது. நம் சமையலறையில் கார்த்திகை, மார்கழியிலும் வெண்ணெய் இளகித்தான் கிடக்கும். அப்படியே தேய்த்து வெட்டினால் அடுப்புக்குள் போனதும் நட்சத்திரம் பரந்து வட்டமாகிவிடும். அரை மணி பொறுத்தால் வெண்ணெய் இறுகும், மாவு தன்னிடமுள்ள ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், வெட்டிய ஓரம் கத்தி பட்ட மாதிரியே நிற்கும். அரை விரல் கனத்துக்குத் தேய்க்கலாம். அச்சு இல்லாவிட்டால் டம்ளரின் விளிம்பு இருக்கிறது. ஓவனில் 170 முதல் 180 டிகிரி, பன்னிரண்டு நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனத்த குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்டு போட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு தட்டை உள்ளே வைக்கிறார்கள். நிறம் கொஞ்சம் குறைவாக வரும், ருசியில் குறைவில்லை.

இரண்டாவது இடம் இறக்கும்போது. ஓரம் பொன்னிறமாகிவிட்டது, நடுவில் தொட்டால் அமுங்குகிறது. வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுகிறவர்கள் ஏராளம். அது வெந்துவிட்டது. உருகிய வெண்ணெயும் இளகிய சர்க்கரையும் இன்னும் உறையவில்லை, அவ்வளவுதான். தட்டிலேயே ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் தானாகக் கட்டிப்படும். பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றி முழுக்க ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பு மிச்சமிருக்கும்போது டின்னில் அடைத்தால் மூடிக்குள் ஆவி கட்டி எல்லாம் நமத்துப்போகும். மறுநாள் காலையில் ஒன்றை எடுத்துத் தின்று பாருங்கள். முதல் நாள் சர்க்கரை தனியாக, வெண்ணெய் தனியாக நாக்கில் பட்டது. இரவு கடந்ததும் இரண்டும் ஒன்றாகியிருக்கும். ஏலமோ எலுமிச்சையோ போட்டிருந்தால் வாசனை நடுவரை இறங்கியிருக்கும்.

திருவருகைக் காலத்தில் வெண்ணெய் என்பதே ஐரோப்பாவில் ஒரு காலத்தில் விலக்கப்பட்ட பொருள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் நோன்பு நாட்கள். பாலும் வெண்ணெயும் கூடாது. சாக்சனியில் நோன்பு ரொட்டியை எண்ணெயில்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆட்சியாளர்கள் ரோமுக்கு எழுதிக் கெஞ்சி, 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் அனுப்பிய கடிதத்தால் வெண்ணெய்க்கு அனுமதி பெற்றார்கள், அதுவும் காணிக்கை செலுத்தும் நிபந்தனையோடு. வரலாற்றில் அதற்கு வெண்ணெய்க் கடிதம் என்றே பெயர். டிரெஸ்டன் நகரத்து ஸ்டோலன் ரொட்டி வெண்ணெய் மணக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பண்டிகைக்கு முன்னால் வயிற்றைக் காயப்போட்டவர்களின் நாக்குக்கு டிசம்பர் 24 இரவு கிடைக்கிற முதல் வெண்ணெய்த் துண்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆண்டு முழுக்க எந்நேரமும் கடையில் பிஸ்கட் பொட்டலம் தொங்குகிற தெருவில் இருந்துகொண்டு அந்த ருசியை அடைய முடியாது. நோன்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு டின்னின் மூடியைச் சில நாள் திறக்காமல் இருப்பது அந்த நோன்பில் நமக்கு எட்டுகிற அளவு.

காத்திருப்பதையே செய்முறையின் பகுதியாக்கிக்கொண்ட குக்கிகள் ஜெர்மன் மொழி பேசுகிற ஊர்களில் நிறைய. ஸ்ப்ரிங்கர்லே என்று ஒன்று, தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் செய்வது. முட்டையும் சர்க்கரையும் மாவும் சேர்ந்த பிசைவில் செதுக்கிய மரப்பலகையை அழுத்தி எடுப்பார்கள். பூ, பறவை, குதிரைவீரன் என்று உருவங்கள் எழும்பி நிற்கும். வெட்டிய துண்டுகளை அனிஸ் விதை தூவிய தட்டில் ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட வேண்டும். மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும். அடுப்புக்குள் போனதும் மேலே எழும்ப வழியில்லாமல் அடிப்பக்கம் மட்டும் உப்பி, குக்கிக்குக் கீழே சின்னப் பீடம் போல ஓர் ஓரம் வரும். அந்தப் பீடம் வந்தால்தான் செய்தவருக்கு நிம்மதி. உருவம் கொஞ்சமும் சிதைந்திருக்காது. ஒரு நாள் பொறுக்காமல் சுட்டால் குதிரையும் வீரனும் உப்பிப்போய் அடையாளம் தெரியாமல் ஆகிவிடுவார்கள். சுட்டு எடுத்ததும் பல்லை உடைக்கும், சில வாரம் டின்னில் இருந்த பிறகுதான் தின்னத் தோது.

நியூரம்பர்க்கின் லேப்குகன் இன்னும் பழையது. ஊரைச் சுற்றி இருந்த அரச காட்டில் தேன் எடுத்தார்கள். வெனிஸ் வழியாக வந்த மிளகும் இஞ்சியும் ஏலமும் பட்டையும் கிராம்பும் அந்த ஊர் வணிகர் கையில் இருந்தன. இரண்டும் சேர்ந்த இடத்தில் இந்தக் குக்கி பிறந்தது. 1643-இல் அதைச் செய்கிறவர்களுக்குத் தனிச் சங்கமே அமைந்தது. எலிசன் லேப்குகன் என்ற உயர்ந்த வகையில் மாவு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் போகக் கூடாது, பாதாம், ஹேசல்நட், வால்நட் வகைகள் குறைந்தது இருபத்தைந்து பங்கு இருக்க வேண்டும். நமக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1505-இல் லிஸ்பனிலிருந்து மலபாருக்குப் புறப்பட்ட போர்த்துகீசியத் தளபதி அல்மெய்டாவின் கப்பல்களில் ஆக்ஸ்பர்க், நியூரம்பர்க் வணிகர்களும் பணம் போட்டிருந்தார்கள். கண்ணூரிலும் கொச்சியிலும் ஏற்றிய மிளகுக்காகப் போட்ட பணம். அந்த மிளகு வந்த வழியில் எவ்வளவு ரத்தம் சிந்தியது என்பதும் தெரிந்த கதைதான். ஜெர்மானியரின் கிறிஸ்துமஸ் வாசனை என்று உலகம் சொல்கிற பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மொலுக்கஸ் தீவுகளிலும் வேர்விட்டது. தேன் சேர்ந்த லேப்குகனைச் சுட்டதும் தின்ன மாட்டார்கள். டின்னில் போட்டு, உள்ளே ஓர் ஆப்பிள் துண்டையும் வைத்து மூடுவார்கள். தேன் அந்த ஈரத்தை மெல்ல உறிஞ்சி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மெத்தென்று ஆகும்.

நம் ஊரில் ஈரம் எதிரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற டிசம்பரில் டின்னுக்குள் ஆப்பிள் போட்டால் இரண்டாம் நாள் பூசணம்தான். அதனால்தானோ என்னவோ திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் டிசம்பர் எண்ணெய்ச் சட்டியில் நடக்கிறது. வீட்டில் ஓவன் கிடையாது, விறகடுப்பும் இருப்புச்சட்டியும் உண்டு. முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு, அச்சுமுறுக்கு. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அச்சுமுறுக்கு ரோஸ் குக்கியாகி, குல்குலோடு சேர்ந்து தட்டில் உட்கார்ந்திருக்கும். நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைக் குக்கி இருந்தால்தான் வீடு நிறைந்தது என்று ஒரு வழக்கம் உண்டு. அங்கும் சில வகைகள் எண்ணெயில் பொரிப்பவை. பூ வடிவ இரும்பு அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கிற ரோசெட்டும் அங்கே இருக்கிறது, நம் அச்சுமுறுக்குக்கு அச்சு அசலாக. அவர்களுடையது கோதுமை மாவும் பசும்பாலும். நம்முடையது பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும்.

பாளையங்கோட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டில் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கென்றே ஒதுக்கியிருக்கும். அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்திருப்பார்கள். கட்டியான முதல் தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, துளி உப்பு, கறுப்பு எள். மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்திருக்க வேண்டும். புது அச்சு என்றால் முந்தின நாளே கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் மாவை விடாது. பெரியம்மாவிடம் இருந்தது பழைய அச்சு, எண்ணெய் குடித்துக் கறுத்து, தொட்டால் வழுக்குகிற அச்சு. அதை எடுத்து மாவில் முக்கப் போவேன்.

"ஏளா, அவசரப்படாத. அச்சு காயணும்லா. காஞ்சாத்தான் மாவு பிடிக்கும்."

"எவ்வளவு நேரம் பெரியம்மா?"

"அதுவே சொல்லும் பாரு."

எண்ணெய்க்குள் கிடந்த அச்சை எடுத்து, ஒட்டிய எண்ணெயை உதறி, மாவில் இறக்குவார்கள். சுர்ரென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. முக்கால் பங்குதான் முங்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் பூ அச்சோடு பூட்டிக்கொள்ளும், ஊசி வைத்து நெம்ப வேண்டியதுதான். மாவு ஒட்டிய அச்சை எண்ணெயில் பிடித்து, குமிழி அடங்க ஆரம்பிக்கும்போது மெல்ல ஓர் அசைப்பு. பூ கழன்று மிதக்கும். திருப்பிப் போட்டு, பொன்னிறமானதும் எடுத்து, அடுத்ததற்கு மறுபடி அச்சைக் காய வைக்க வேண்டும். கலந்து வைத்த மாவுக்கு என்ன நேரம் ஆகியிருக்கப் போகிறது? ஒரு குழந்தைகூடக் கலக்கிவிடும். நேரமெல்லாம் எண்ணிக்கையில் இருந்தது. ஓர் அச்சில் ஒரு நேரத்தில் ஒரு பூதான். இருநூறு வேண்டும் என்றால் இருநூறு முறை முக்க வேண்டும். குல்குலும் அப்படித்தான். மைதாவும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைவது சுலபம். கொட்டைப்பாக்கு அளவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டிச் சுருட்டிப் போடும்போது ஒரு ஆளால் முடியாது என்பது அரை மணியில் புரிந்துவிடும். மாமாவுக்கு ஒரு கரண்டி, வாசலில் வந்து நிற்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கரண்டி. யார் சுருட்டியது எது என்று பொரித்த பிறகும் சொல்லிவிடலாம்.

இருநூறு எதற்கு என்று கேட்டால் அங்கே காத்திருப்பின் காரணம் கிடைக்கும். வீட்டில் தின்பதற்கு நாற்பது போதும். மீதி அடுத்த வீடுகளுக்கு. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வந்த தட்டுகள், ரம்ஜானுக்கு நோன்புக்கஞ்சியும் பிரியாணியும் வந்த தூக்குவாளிகள் இருக்கின்றன. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. கொஞ்சம் துபாய்க்கு. பெரியம்மா மகன் அங்கே வேலையில் இருந்தார். அச்சுமுறுக்கு உடையாமல் போய்ச் சேர டின்னின் இண்டு இடுக்கெல்லாம் பொரியை நிரப்பி அடைப்பார்கள். இருபத்துநாலாம் தேதி இரவு செய்கிறவருக்கு இதெல்லாம் முடியாது. அன்றைக்குச் செய்வது அன்றைக்கு அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் காணும். முன்கூட்டிச் செய்கிறவர் மனதில் இன்னும் வந்து சேராத யாரோ இருக்கிறார். பத்து நாள் தாங்குகிற பண்டத்தால்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும். உலகமெங்கும் கிறிஸ்துமஸ் குக்கிகள் சின்னதாகவும் காய்ந்ததாகவும் எண்ணிக் கொடுக்கத் தோதாகவும் இருப்பதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

டின்கள் பரணில் ஏறிவிடும். வாய்ப்பக்கம் பழைய வேட்டித் துணியைக் கட்டி மூடி போட்டிருப்பார்கள், காற்று போகாமல் இருக்க. பிள்ளைகளுக்கு அது அங்கே இருப்பது தெரியும். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தேங்காயெண்ணெயும் எள்ளும் கலந்த வாசனை மேலேயிருந்து இறங்கி வரும். கணக்குப் பரீட்சைக்குப் படிக்கும்போது, கேரலுக்குப் பாட்டுப் பழகும்போது, நட்சத்திரத்துக்குக் கலர் பேப்பர் ஒட்டும்போது, எப்போதும் தலைக்கு மேல் அந்த டின். யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறித் திருடத்தான் செய்வார்கள். பெரியவர்களுக்கு அதுவும் தெரியும், அதற்கும் சேர்த்தே சுட்டிருப்பார்கள். கிறிஸ்துமஸ் ஒரு நாள்தான், டின்னுக்குள் இருந்த கிறிஸ்துமஸ் இரண்டு வாரம்.

அந்த சனிக்கிழமைகளைத் திரும்ப வரவழைக்கச் சொல்லி யாரையும் நான் கேட்க மாட்டேன். இடித்தவர்களும் சலித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள், புகையில் நின்று இருமியவர்களும் அவர்கள்தான். எளிய மாவு இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, ஓவன் சின்னதாகக் கிடைக்கிறது. கை குறைந்த வீட்டுக்கு ஒன்று-இரண்டு-மூன்று கணக்கே தாராளம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு ஆரம்பித்தால் நாலு மணிக்குள் இரண்டு பங்கு மாவு தயார். ஒரு பங்கை அன்றைக்கே சுட்டு, ஆறவிட்டு, டின்னில் அடைத்து மேலே ஏற்றிவிடலாம். உப்பில்லாத நல்ல வெண்ணெயும் காற்றுப் புகாத மூடியும் இருந்தால் மூன்று வாரம் தாராளமாக இருக்கும். முட்டை சேர்க்காததால் அந்தக் கவலையும் இல்லை. தேதியை மூடியில் எழுதி ஒட்டுவது நல்லது, இரண்டாம் வாரம் யாராவது திறக்க வரும்போது காட்டுவதற்கு.

இன்னொரு பங்கை இரண்டு விரல் கனத்துக்கு நீள உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, இரு முனையையும் மிட்டாய்க் காகிதம் போல முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். அது கேரல் வருகிற இரவுக்கு. சபையிலிருந்து பாடகர் குழு எந்த இரவு வரும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்கே தெரியாது. பதினொன்றாகலாம், இரண்டாகலாம். மூன்று தெரு தள்ளி டிரம் சத்தம் கேட்டதும் ஓவனைப் போட்டுவிட்டு உருளையை வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். வீட்டுக்கு வீடு நின்று பாடிவிட்டுத்தான் வருவார்கள். கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்க இரண்டு நிமிடம். தொண்டை கட்டிப்போன பிள்ளைகள் வாசலில் வந்து கிட்டாரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது உள்ளே வெண்ணெய் வாசனை கிளம்பியிருக்கும். டின்னில் இருப்பதை முதலில் சுற்றுக்கு விடலாம். தட்டை இறக்கும்போது எல்லார் கையும் நீளும். இப்போது தொட்டால் நொறுங்கிவிடும், ஐந்து நிமிடம் ஆறட்டும் என்று சொல்லி, அதற்குள் இன்னொரு பாட்டுப் பாடச் சொல்ல வேண்டும்.